டிக்கெட், கேஸ், பார்ட்டி

(பழைய மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வக்கீலிடம் மைக்கைக் கொடுத்தால் திரும்பி வராது என்று செயலாளர் கவலைப்படுகிறார். கவலை வேண்டாம், இன்று நான் வாய்தா கேட்க மாட்டேன்.

நம்மை நம்பி வருகிறவர்களை நாம் என்னவென்று சொல்கிறோம்? கண்டக்டருக்கு அவர் 'டிக்கெட்'. "ரெண்டு டிக்கெட் இறங்கணும்" என்பார். ஆட்டோக்காரருக்குச் 'சவாரி'. ஆடிட்டர் ஆபீசில் 'பார்ட்டி'. ஆஸ்பத்திரியில் 'கேஸ்', படுத்துவிட்டால் பெட் நம்பர். கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் என் மகனைக் கேட்டேன். அங்கேயும் 'டிக்கெட்'தானாம்! புகார் வந்தால் டிக்கெட் ஓப்பன். சரி செய்தால் குளோஸ்.

எங்கள் கோர்ட்டில் 'கட்சிக்காரர்'. மரியாதையான சொல்தான். ஆனால் அவரைச் சுற்றியிருக்கும் மற்ற சொற்களில் பல, அரபியிலும் பாரசீகத்திலும் பிறந்து நவாப் காலத்து நிர்வாகத்தின் வழியாக நம்மிடம் வந்தவை. வக்காலத்து என்றால் தன் காரியத்தை இன்னொருவர் பொறுப்பில் ஒப்படைப்பது. அமீன் என்றால் நம்பிக்கைக்குரியவர். இன்று அமீனா வருகிறார் என்றால் பின்வாசலைத் தேடுகிறோம்! வாய்தா? அதற்கு மூலப்பொருள் 'வாக்குக் கொடுத்தல்'. இது எனக்குத் தெரிந்தது ஒரு பாட்டியம்மாவால்.

பாகப்பிரிவினை வழக்கு. இரண்டு பஸ் மாறி வருவார். அன்று எனக்கு வேறு கோர்ட்டில் வேலை. வாய்தா வாங்கிவிட்டு, ஜூனியரிடம், "அந்தப் பாகப்பிரிவினையைப் போகச் சொல்லுப்பா" என்றேன். பாட்டி தூணுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். "ஏன் வக்கீலய்யா, என் பேரு மறந்துபோச்சா? இன்னிக்கு வாய்தான்னு நேத்தே தெரியாதா? ஒரு நாள் கூலி போச்சே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குப் பெயர் உண்மையிலேயே நினைவில்லை. கேஸ்கட்டைப் புரட்டித்தான் பார்த்தேன்.

அன்றிரவு அகராதியில் வாய்தாவைத் தேடினேன். தேதி கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொன்றும் ஒரு வாக்கு என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

மறுநாளிலிருந்து இரண்டு பழக்கம் வைத்துக்கொண்டேன். கேஸ்கட்டின் மேல் வழக்கு எண்ணுக்கு முன்னால் ஆளின் பெயரும் ஊரும். வாய்தா ஆகும் என்று தெரிந்தால் முன்கூட்டியே ஒரு கார்டு. கார்டு போய் போன் வந்தது. பழக்கம் மட்டும் மாறவில்லை. பாட்டிக்குப் பங்கு கிடைத்தது. அதற்குள் எத்தனை நாள் கூலி போயிற்று என்று நான் கேட்கவில்லை, கேட்கத் துணிவில்லை.

விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தை 1999இல் திருத்தினார்கள். 2002இல் அது அமலுக்கு வந்தது. நடைமுறை எப்படி என்று கோர்ட்டு வாசல் டீக்கடையில் விசாரியுங்கள்! வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எங்கள் ஆட்களுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றைக் கவனியுங்கள்: வக்கீல் கட்சிக்காரரின் கட்டுப்பாட்டில் வேலை செய்கிறவர் என்பது. அதாவது, எஜமான் தூணுக்குப் பின்னால் நிற்கிறவர்தான்.

மாணவச் செல்வங்களே, நாளை நீங்கள் டாக்டராகலாம், ஆடிட்டராகலாம், என்ஜினியராகலாம். வேகத்துக்காக 'கேஸ்' என்றும் 'டிக்கெட்' என்றும் பேசத்தான் செய்வீர்கள். அதைத் தவறென்று சொல்லவில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவரின் பெயர், பேப்பரைப் பார்க்காமல் உங்கள் வாயில் வரட்டும். அவர் கேட்கும் தூரத்தில்தான் எப்போதும் இருக்கிறார்.

செயலாளர் மணியைப் பார்க்கிறார். கொடுத்த வாய்தாவைக் காப்பாற்றி, அமர்கிறேன்.