வளர்ப்புத் தட்டில் முதிரும் தோல்

மனிதத் தோலின் மேற்பரப்பான மேல்தோலில், அடித்தள அடுக்கில் பிறக்கும் செல் ஒவ்வொன்றும் படிப்படியாக மேலேறி, ஏறத்தாழ ஒரு மாதத்தில் உயிரற்ற செதிலாகி உதிர்கிறது. இந்த மாற்றம் நிகழும்போது செல்லின் மரபணுக்கள் மாறுவதில்லை. அவற்றுள் எவை எப்போது இயங்குகின்றன என்பதே மாறுகிறது. மரபணுவிலுள்ள செய்தி ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டுப் புரதமாக உருப்பெறுவதை மரபணு வெளிப்பாடு என்பர். அடித்தளச் செல்லில் கெரட்டின் 5, கெரட்டின் 14 என்னும் இழைப் புரதங்களுக்கான மரபணுக்கள் இயங்குகின்றன. செல் மேலேறத் தொடங்கியதும் அவை அடங்கி, கெரட்டின் 1, கெரட்டின் 10 ஆகியவற்றின் மரபணுக்கள் செயற்படுகின்றன. பின்னர் லோரிக்ரின், ஃபிலாக்ரின் போன்ற புரதங்கள் உருவாகி, உடலின் நீரைக் காக்கும் புறவுறைக்கு உரமூட்டுகின்றன.

உடலுக்குள் பின்தொடர்வதற்கு அரிதான இந்நிகழ்வை ஆய்வாளரின் கண்முன் கொண்டுவந்தது செல் வளர்ப்பு முறையாகும். கதிர்வீச்சினால் பெருகும் திறனை இழந்த எலிச் செல்களைத் தட்டில் பரப்பி, அவற்றின் துணையோடு மனித மேல்தோல் செல்களைத் தொடர்ந்து வளர்க்கும் வழியை ஜேம்ஸ் ரைன்வால்டும் ஹோவர்டு கிரீனும் 1975இல் வெளியிட்டனர். 1980இல் வேறோர் ஆய்வுக்குழு, செல்கள் வளரும் ஊடகத்தில் கால்சியம் குறைந்திருந்தால் எலியின் மேல்தோல் செல்கள் பெருகிக்கொண்டே இருப்பதையும், அதைக் கூட்டினால் பெருக்கம் நின்று முதிர்ச்சி தொடங்குவதையும் காட்டியது. முதிர்ச்சியை வேண்டியபோது தொடங்கிவைத்து, மரபணுக்கள் இயங்கும் வரிசையை நேரம் குறித்துக் காண முடிந்தது இம்முறையின் தலையாய சிறப்பு.

இம்முறைக்குக் குறையும் உண்டு. தட்டில் வளர்ந்த மனிதச் செல்கள் சிறிய கெரட்டின்களையே ஆக்கின. மேலடுக்குகளுக்குரிய பெரிய கெரட்டின்களை ஆக்கவில்லை என்று எலைன் ஃபூக்ஸும் கிரீனும் 1980இல் கண்டனர். ஆயினும் அக்குறையின் காரணத்தைத் தேடியதே ஒரு கண்டுபிடிப்புக்கு வழிவகுத்தது. ஊடகத்தில் சேர்க்கப்பட்ட சீரத்திலிருந்த வைட்டமின் ஏ முதிர்ச்சியைத் தடுப்பதையும், அதை நீக்கினால் பெரிய கெரட்டின் தோன்றுவதையும் அவர்கள் 1981இல் நிறுவினர். இவ்வாறு உணவில் கிடைக்கும் ஒரு பொருளுக்கும் தோலின் மரபணு ஒழுங்குக்கும் உள்ள தொடர்பு புலப்பட்டது.

தட்டில் கிடைத்த முடிவுகளுக்கு முழு உயிரியே உரைகல்லாகிறது. மரபணுக்களை இயக்கும் பி63 என்னும் புரதம் இல்லாத எலிக்குட்டிகள் அடுக்குத் தோலே இன்றிப் பிறப்பதாக 1999இல் அறியப்பட்டது. திசு முழுவதும் உருவாவதற்கு அப்புரதம் இன்றியமையாதது என்பதைத் தனிச் செல்களின் வளர்ப்பு மட்டும் இவ்வளவு தெளிவாகக் காட்டியிருக்க முடியாது. மறுபுறம், கொப்புள நோயால் மேல்தோலின் பெரும்பகுதியை இழந்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவனின் செல்களில் பழுதான மரபணுவுக்கு ஈடாக நல்ல மரபணுவைச் சேர்த்து, வளர்ப்பில் பெருக்கி, அவனது உடற்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காட்டில் ஜெர்மனியில் ஒட்டவைத்ததாக 2017இல் அறிவிக்கப்பட்டது. ஒட்டிய செல்கள் முழுமையான மேல்தோலை உருவாக்கின. ஆகவே வளர்ப்புத் தட்டு செல்லின் முதிர்ச்சி ஒழுங்கை மாற்றி எழுதுவதில்லை, அதன் ஒரு பகுதியை நிறுத்திவைக்கவே செய்கிறது என்பதும், அந்நிறுத்தம் எதனால் நேர்கிறது என்று வினவுவோருக்கே இக்கலை முழுப் பயன் தருகிறது என்பதும் தெளிவாகின்றன.