மலைக்கு ஏற்ற மழையங்கி

(சிவனொளிபாதமலை யாத்திரைக்கு ஆயத்தமாக, மன்றத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மழையங்கி வாங்குவதைப்பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது நமது செயலாளர் சிரித்தார். "தம்பி பல்கலைக்கழகம் போனது இதுக்குத்தானோ?" என்றும் கேட்டார். சிரிக்கட்டும். 2024 ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் சிவனொளிபாதமலைக்குச் சென்ற நாங்கள் பதினொருவரும், விடியற்காலை நான்கு மணிக்கு அந்த உச்சியிலே நின்றபோது ஒருவருமே சிரிக்கவில்லை. அன்று நடந்ததை மன்றத்துக்கு முறையாக அறிவிக்காதது என் குற்றம். இவ்வருடமும் யாத்திரைக்குப் பெயர் கொடுப்போர் வரிசை நீள்வதைக் கண்டேன். ஆகவே இனியும் வாய்மூடி இருத்தல் தகாது.

நாம் வன்னி மண்ணின் பிள்ளைகள். மழையை வேண்டி வாழ்கின்றவர்கள். வானம் பொழிந்தாற்றான் நமக்குக் காலபோகம். குளம் நிரம்பினாற்றான் சிறுபோகம். மழை வந்துவிட்டதென்று ஓடி ஒளிகின்ற வழக்கம் நம்மிடம் இல்லை. வயலில் நிற்கின்றவர் உரச்சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் மடித்துத் தலையிலே கவிழ்த்துக்கொண்டு வரம்பு கட்டுவார். பள்ளிப் பிள்ளை புத்தகப் பையைப் பொலித்தீனுக்குள் சுற்றிவிட்டுத் தான் நனைந்துகொண்டே சைக்கிள் மிதிக்கும். நனைந்தால் தடிமன் பிடிக்கும், அம்மா ஏசுவா, அதற்குமேல் ஒன்றுமில்லை. ஏனெனில் நமது மழை வெம்மையான காற்றிலே பெய்கின்ற மழை. இந்தப் பழக்கத்தை நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

சிவனொளிபாதமலையின் உயரம் 2243 மீற்றர். மேலே ஏறும்போது ஆயிரம் மீற்றருக்கு ஏறக்குறைய ஆறு பாகை செல்சியஸ் வெப்பம் குறையுமென்று புவியியலிலே படித்திருக்கிறோம். கிளிநொச்சியில் இராக்காலத்தில் 25 பாகை இருக்குமானால் மலையுச்சியில் 12 பாகை அளவிலே நிற்கும். சில இரவுகளில் அதற்குங் கீழே போகும். மார்கழிப் போயாவில் தொடங்கி வைகாசிப் போயாவரை யாத்திரைக் காலம் என்றாலும் மழை நாட்காட்டி பார்த்து வருவதில்லை. பங்குனி, சித்திரை மாதங்களில் பின்னேரத்தில் இடியும் மழையுமாகக் கொட்டுவது மலைநாட்டில் வழமை. நான் படித்த மிஷன் பாடசாலையில் இம்மலையை ஆதாமின் சிகரம் என்றார்கள். வீட்டில் அம்மம்மா சிவனொளிபாதம் என்றார். பௌத்தர்களுக்கு அது ஸ்ரீபாதம். எந்தப் பெயரைச் சொல்லி ஏறினாலும் மழை ஒரேயளவாகத்தான் நனைக்கிறது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். பொருட்கள் வாங்கும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டிருந்தது. கொழும்பிலே ஒரு கடையில், கைக்குள் மடித்துவிடக்கூடிய மெல்லிய பொலித்தீன் மழைச்சட்டைகள் பத்து வாங்கினேன். விலை மிகவும் மலிவு. மன்றத்தின் பணத்தை மிச்சம் பிடித்தேன் என்று பெருமையும் கொண்டேன். எனக்கோ கனடாவிலுள்ள பெரியம்மா அனுப்பிய பெரிய பனிக்காலச் சட்டை ஒன்று இருந்தது. தலையணை போலப் புடைத்திருக்கும். அதை அணிந்துகொண்டு நின்ற என்னைப் பார்த்து மற்றவர்கள் பொறாமைப்பட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

அற்றனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி போய்ச் சேர்ந்து, இரவு பத்தரை மணிக்கு ஏறத் தொடங்கினோம். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். சீத கங்குலையைத் தாண்டியதும் தூறல் தொடங்கிற்று. எல்லாரும் பொலித்தீனை மாட்டிக்கொண்டார்கள். ஒரு மணி நேரத்துக்குள் எல்லார் சேட்டும் உடம்போடு ஒட்டிவிட்டது. மழையினால் அல்ல, வியர்வையினால். படியேறுகின்ற உடம்பு அடுப்புப்போல எரிகிறது. அதன் ஆவி வெளியே போக வழியில்லாமல் பொலித்தீனின் உட்புறத்திலே துளித்துளியாகப் படிந்து திரும்பவும் நம்மேலேயே வழிகின்றது. புட்டுப் பானையின் மூடியைத் திறந்து பார்த்த தாய்மார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஏறுகின்றவரை குளிர் தெரியவில்லை. உச்சிக்குப் போய்ச் சூரிய உதயத்துக்காகக் காத்திருந்தபோதுதான் காற்று வந்தது. பொலித்தீன்கள் கமக்கட்டிலே கிழிந்து கொடிபோலப் பறந்தன. என் கனடாச் சட்டை மழையை உறிஞ்சிக் கல்லுப்போலக் கனத்தது. பனி வேறு, மழை வேறு என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். உலர்ந்த பனியிலே வெப்பத்தைக் காக்கின்ற அந்தப் பஞ்சு நனைந்துவிட்டால் ஒன்றுக்கும் உதவாது.

எங்களில் இளையவர், அப்போது பதினாறு வயது, நடுங்கிக்கொண்டு நின்றார். பெயர் சொல்லவில்லை, இங்கேதான் இருக்கிறார். சற்று நேரத்தில் நடுக்கம் நின்றது. குளிர் விட்டுவிட்டது என்று நான் மகிழ்ந்தேன். எவ்வளவு பெரிய மடமை! "தம்பி, தேத்தண்ணி குடிப்பமா?" என்று கேட்டால் வெறிகாரனைப்போல நாக்குக் குழறிப் பேசினார், எழுந்து நடக்கச் சொன்னால் காலிடறியது. உடம்பின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கும்போது இவ்வாறு நிகழுமென்றும், நடுக்கம் நிற்பது நல்ல குறியன்று என்றும் பின்னர்தான் படித்தேன். நீர் காற்றிலும் ஏறக்குறைய இருபத்தைந்து மடங்கு விரைவாக உடற்சூட்டைக் கடத்தும். ஈரச்சேட்டும் காற்றும் சேர்ந்தால் பனிக்கட்டி தேவையில்லை. ஆளைக் கொல்லப் பன்னிரண்டு பாகையே போதும்.

உச்சிக்குக் கீழே தேநீர்க்கடை வைத்திருந்த ஒரு சிங்களத் தாய் அவரைக் கண்டதும் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. ஈரச்சேட்டை உரித்தார், சாக்கினால் துடைத்தார், தம் போர்வையாலே சுற்றி அடுப்படியில் இருத்தினார், சீனி நிறையப் போட்ட சாயத்தேநீரைச் சிறிது சிறிதாகப் பருக்கினார். ஒரு மணி நேரத்தில் அவர் பேச்சுத் தெளிந்தது. அந்த அம்மாவுக்கு நாங்கள் கொடுத்த காசை அவர் வாங்கவில்லை. இவருடைய தாயாருக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்ற எண்ணம் இன்றும் என்னை உறங்கவிடுவதில்லை.

ஊருக்கு வந்தபின் இருவரிடம் பாடம் கேட்டேன். ஒருவர், மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து 1977 ஆம் ஆண்டு வன்செயலின்பின் கிளிநொச்சிக்கு வந்து குடியேறிய ஐயா. "தம்பி, மழைக்குப் பயப்படாதீங்க, காத்துக்குப் பயப்படுங்க" என்றார். தோட்டத்திலே கொழுந்தெடுக்கும் பெண்கள் தலையிலே கம்பளியைப் போட்டு, இடுப்பிலே படங்கைக் கட்டிக்கொண்டு நாள் முழுவதும் மழையிலே நிற்பார்களாம். கம்பளி நனையாதா என்று கேட்டேன். "நனையும். நனைஞ்சாலும் சுடும்" என்றார். ஆட்டுமயிர் ஈரத்திலும் ஓரளவு வெப்பத்தைக் காக்கும். பருத்தி அவ்வாறு காக்காது. பஞ்சுச் சேட்டும் வேட்டியுமாகப் போனவர்கள் நாங்கள்.

மற்றவர் என் மச்சாள். கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையிலே தைக்கிறார். என் அடுத்த திட்டத்தைச் சொன்னபோது, "சட்டை வாங்கிறதெண்டால் வெளிப்பக்கத்தைப் பாராதை, உள்பக்கத்தைப் பிரட்டிப் பார்" என்றார். துணி எவ்வளவு சிறந்ததாயினும் ஊசி போன இடமெல்லாம் ஓட்டை. தையல்களின்மேல் உட்புறமாக ஒரு நாடாவை வெப்பத்தால் ஒட்டியிருக்கவேண்டும். தோளிலும் முக்காட்டிலும் அந்த நாடா இல்லாத அங்கியை அவர் கையாலும் தொடமாட்டாராம். அந்த ஒரு வார்த்தையால் மன்றத்துக்கு எவ்வளவு பணம் மிஞ்சும்!

நீர்புகாத் துணியின் கதையும் சிறிது கேளுங்கள். 1823 இல் சார்ள்ஸ் மக்கின்ரோஷ் என்பவர் இறப்பரைக் கரைத்து இரண்டு துணிகளுக்கிடையே பூசினார். அது வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி அக்குறையை நீக்கும் முறைக்கு 1844 இல் சார்ள்ஸ் குட்இயர் அமெரிக்காவிலே காப்புரிமை பெற்றார். (நமது நாட்டுக்கு இறப்பர்க் கன்று 1876 இல் கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்ததென்பதையும் இடையிலே சொல்லிவைக்கிறேன்.) ஆனால் இறப்பரும் பொலித்தீன்போல ஆவியை அடைத்துவைப்பதே. 1969 இல் பொப் கோர் என்னும் அமெரிக்கர் ரெவ்லோனைச் சடுதியாக இழுத்து, எண்ணற்ற நுண்துளைகளையுடைய மென்சவ்வொன்றைக் கண்டார். அத்துளைகள் நீர்த்துளி புகமுடியாத அளவு சிறியன. ஆவி போகக்கூடிய அளவு பெரியன. கோர்ரெக்ஸ் என்று விற்கப்பட்டு வந்தது அதுவே. இன்று வேறு பலரும் இவ்வகைச் சவ்வுகளைச் செய்கின்றனர்.

கடைக்காரர் 10,000 மில்லிமீற்றர் என்று ஒரு கணக்குச் சொல்வார். அஞ்சவேண்டாம். துணியின்மேல் அவ்வளவு உயரமான நீர்நிரலை நிறுத்தினாலும் கசியாது என்பதே பொருள். பத்து மீற்றர் ஏறக்குறைய 33 அடி. நமது இரணைமடு 36 அடிக்கு நிரம்புகின்ற குளம். ஏறக்குறையக் குளத்தின் அடியிலே கிடக்கின்ற அழுத்தத்தைத் தாங்கும் துணி என்றால் விளங்குமல்லவா? வானிலிருந்து விழும் மழைக்கு அவ்வளவு தேவையில்லை. பையின் தோட்பட்டை அழுத்துகின்ற இடத்திலும், ஈரப்படியில் உட்காருகின்ற இடத்திலுமே அது வேண்டும்.

ஆயினும் விலையுயர்ந்த சவ்வு இருந்தால் வியர்வைத் தொல்லை தீர்ந்தது என்று எண்ணாதீர்கள். ஆவி வெளியேறுவதற்கு வெளிக்காற்று உலர்ந்திருக்கவேண்டும். மலையிலே மேகத்துக்குள் நடக்கும்போது வெளிக்காற்றும் ஈரத்தால் நிறைந்திருக்கும். அப்போது எந்தச் சவ்வும் திணறும். ஆகவே கமக்கட்டின்கீழ்ச் சிப்பு வைத்துத் திறக்கக்கூடிய அங்கி நமக்கு மேல். சவ்வில்லாது, நைலோன் துணியில் நீர்புகாப் பூச்சு மட்டும் பூசியதாயினும் அந்தத் திறப்பு இருந்தால் போதும் என்பது என் துணிபு. பெரிய பெயருக்காகப் பெரிய விலை கொடுக்க நான் மன்றத்தைக் கேட்கமாட்டேன்.

முக்காடு தலையோடு திரும்பவேண்டும். தலை திரும்ப முக்காடு நேரே நின்றால் படியிலே பக்கத்தில் வருபவரைக் காணமுடியாது. அங்கி இடுப்புக்குக் கீழே இறங்கவேண்டும். உள்ளே கம்பளிச் சுவெற்றர் அணிந்தபின் கையை உயர்த்திப் பார்த்தே அளவு கொள்க. கடையிலே சேட்டின்மேல் போட்டுப் பார்த்து வாங்கினால் மலையிலே இறுக்கும். பெண்பிள்ளைகளுக்கு ஆண்களின் அளவை வாங்கிக்கொடுத்துவிட்டு "போதும்" என்று சொல்லும் வழக்கத்தையும் விடவேண்டும். தோள் தொங்கினால் கழுத்தால் நீர் போகும். குடை வேண்டாம். நெரிசலான படியிலே அது மற்றவர் கண்ணுக்கே பகை.

பழைய அங்கி வைத்திருப்போர் அதன் உட்புறப் பூச்சு செதில்செதிலாக உரிகிறதா என்று பார்க்கவும். உரிந்தால் அதைத் தோட்டத்துக்குக் கட்டலாம், மலைக்கு ஆகாது. வெளிப்புறத்தில் நீர் உருண்டோடாமல் ஊறுகிறதென்றால் அவ்வளவு கேடில்லை. அழுக்கைக் கழுவி, வெளிப்பூச்சை மறுபடி பூசலாம். புளோரின் சேர்ந்த பழைய பூச்சுக்கள் மண்ணிலும் நீரிலும் அழியாது கிடப்பதால் பல உற்பத்தியாளர் அவற்றைக் கைவிட்டு வருகின்றனர். அவை சேராத பூச்சுக் கிடைத்தால் அதையே தெரிக.

பொலித்தீனைப்பற்றி இன்னுமொரு சொல். இறங்கும்போது வெளிச்சத்திலே பார்த்தேன். படியோரப் பற்றைகளிலெல்லாம் கிழிந்த பொலித்தீன் தொங்கிற்று. அவற்றில் எங்களுடையவையும் இருந்திருக்கலாம். அந்த மலைக்காடு 2010 ஆம் ஆண்டிலிருந்து உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ள காடு. பாதத்தைக் கும்பிடப் போய் மலையிலே குப்பை போட்டு வந்தோம்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். நான் சொன்ன அங்கியின் விலை ஒருநாட் கூலியன்று, பலநாட் கூலி. வருடத்தில் ஓரிரவுக்காக அதை வாங்கும்படி எந்த வீட்டையும் கேட்க எனக்கு வாய் வராது. சென்றமுறை ஒரு தாய், மகனை அனுப்பாமல் விட்டதற்குக் காரணம் யாத்திரைச் செலவல்ல, "மற்றப் பிள்ளையளைப்போல உடுப்பில்லை" என்பதே என்று பின்னர் அறிந்தேன். ஆகவே மன்றத்தின் பொதுச் சொத்தாக ஆறு அங்கிகள் வாங்கவேண்டுமென்று முன்மொழிகிறேன். இரண்டு சிறியவை, இரண்டு நடுத்தரம், இரண்டு பெரியவை. யாத்திரைக்குழு ஆறு ஆறாகச் செல்லட்டும். பெரியம்மா அனுப்பிய சட்டையைப்போல ஒருவருக்கு மட்டும் நல்லது என்ற நிலை இனி வேண்டாம். சுவெற்றர் வீட்டிலுள்ளதே போதும். மாற்றுச்சேட்டு ஒன்றைப் பொலித்தீன் பைக்குள் கட்டி எல்லாரும் கட்டாயம் கொண்டுவரவேண்டும். உச்சியில் ஏறியவுடன், குளிர் தெரியுமுன், ஈரச்சேட்டைக் கழற்றி அதை மாற்றவேண்டும். பொக்கற்றில் ஒரு துண்டு பனங்கட்டியும் இருக்கட்டும்.

வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு மன்றத்தின் கிணற்றடியிலே நீரிறைக்கும் இயந்திரம் பூட்டப்படும். வீட்டிலே மழையங்கி வைத்திருப்போர் அதைக் கொண்டுவாருங்கள். ஒருவர் அணிந்து நிற்க, கால் மணி நேரம் குழாயாலே நீர் பாய்ச்சிப் பார்ப்போம். மச்சாளும் வந்து தையலைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். முதலாவதாக அணிந்து நிற்கத் தானே வருவதாக, அன்று அடுப்படியில் இருந்த அந்தத் தம்பி சற்றுமுன் என்னிடம் பெயர் கொடுத்திருக்கிறார்.