ஊருக்கு அனுப்பும் பணம் முழுதாய்ச் சேரட்டும்

(சிங்கப்பூரில் நமது அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிறுதோறும் நம் ஆலயத்தில் அன்னதானம் பரிமாறுகிறோம். பந்தியில் அமர்பவர்களில் பலர் கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைக்கும் தம்பிமார்கள். சாப்பிட்டு முடித்ததும் அவர்களில் பலர் தேக்காவுக்குப் போய் ஊருக்குப் பணம் அனுப்புவார்கள். அந்தப் பணத்தைப் பற்றித்தான் இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

நானும் ஒருகாலத்தில் அப்படி அனுப்பியவன்தான். 1984-ஆம் ஆண்டில் என் தாயாரின் கண் அறுவைச் சிகிச்சைக்காக 300 வெள்ளி சேர்த்தேன். தெரிந்தவர் ஒருவர், "வங்கிக்கு ஏன் வீண் செலவு? இரண்டே நாளில் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்கிறேன்" என்றார். நம்பிக் கொடுத்தேன். பணம் போய்ச் சேரவில்லை. கையில் ரசீது இல்லை, யாரிடம் முறையிடுவது? அம்மா கறவை மாட்டை விற்றுச் சிகிச்சை செய்துகொண்டார். அதைக்கூட ஒரு வருடம் கழித்து நான் ஊருக்குப் போனபோதுதான் சொன்னார். சில வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய் ஒரு மாட்டை இழந்த கதை அது.

இப்படி அனுப்புவதை நம்மவர்கள் "உண்டியல்" என்பார்கள். அந்தக் காலத்தில் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் இருந்த செட்டியார்கள் கொடுத்த உண்டியல், கையெழுத்திட்ட தாள். இன்றைய உண்டியலில் தாளும் இல்லை, சாட்சியும் இல்லை. நம் கோயில் உண்டியலையே நாலு பேர் முன்னிலையில் திறந்து, எண்ணி, கணக்கு எழுதுகிறோம் அல்லவா? உழைத்த காசுக்கும் அதே முறை வேண்டாமா? உரிமம் இல்லாமல் பணம் அனுப்பும் தொழில் நடத்துவது 2020-இல் நடப்புக்கு வந்த கட்டணச் சேவைகள் சட்டப்படி குற்றம். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது. முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

அடுத்து, செலவு. "கட்டணமே இல்லை" என்ற பலகையைக் கண்டு ஏமாறக்கூடாது. ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். 500 வெள்ளி அனுப்ப வேண்டும். ஒரு கடையில் கட்டணம் இல்லை, வெள்ளிக்கு 63.50 ரூபாய் தருகிறார்கள். ஊரில் 31,750 ரூபாய் சேரும். இன்னொரு கடையில் 4 வெள்ளி கட்டணம். ஆனால் மாற்று விகிதம் 64.80. மீதி 496 வெள்ளிக்கு 32,140 ரூபாய் சேரும். கட்டணம் வாங்கியவரிடம்தான் 390 ரூபாய் கூடுதல்! மாதந்தோறும் அனுப்பினால் ஆண்டுக்கு 4,680 ரூபாய். ஒரு பிள்ளைக்குப் பள்ளிச் சீருடையும் புத்தகப் பையும் வாங்கலாம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "நான் இவ்வளவு கொடுத்தால், என் வீட்டார் கையில் எத்தனை ரூபாய் சேரும்?" இரண்டு மூன்று இடங்களில், ஒரே நாளில் கேட்க வேண்டும்.

ஒவ்வொரு முறைக்கும் ஒரே கட்டணம் என்றால், வாரம் ஒருமுறை அனுப்புவதைவிட மாதம் ஒருமுறை அனுப்புவது மேல். வங்கி வழியாக அனுப்பினால், இடையில் உள்ள வங்கியும் ஊர் வங்கியும் ஏதாவது பிடிப்பார்களா என்று விசாரிக்க வேண்டும். 2023 பிப்ரவரி 21 அன்று நம் பேநவ் முறையும் இந்தியாவின் யுபிஐ முறையும் இணைக்கப்பட்டன. இதில் சேர்ந்துள்ள வங்கிகளில் கணக்கு உள்ளவர்கள் கைத்தொலைபேசியிலிருந்தே சில விநாடிகளில் அனுப்பலாம்.  இதையும் மற்ற வழிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

2015-இல் ஐக்கிய நாடுகள் சபை, இத்தகைய பணத்தை அனுப்பும் செலவு 2030-க்குள் நூற்றுக்கு 3-க்கும் கீழே வர வேண்டும் என்று இலக்கு வைத்தது. உலகம் கவலைப்படும் விஷயத்தில் ஆலயமும் ஒரு கை கொடுக்கலாமே!

நன்கொடையாளர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். இம்முறை பணம் கேட்கவில்லை. மாதம் ஒரு ஞாயிறு, ஒரு மணி நேரம் தாருங்கள். அன்னதானக் கூடத்தில் ஒரு மேசை போடுவோம். படித்த நம் பிள்ளைகள் அன்றைய விகிதங்களைப் பார்த்துச் சொல்லட்டும்; ஊர் வங்கிக் கணக்கு எண்ணை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்க உதவட்டும். ஆனால் யாருடைய பணத்தையும் நாம் கையில் வாங்கக்கூடாது, கடவுச்சொல்லைக் கேட்கக்கூடாது. வழி சொல்வது மட்டுமே நம் தொண்டு.

பசித்தவருக்குச் சோறு போடுகிறோம். அவர் வியர்வை சிந்திய காசு அவர் தாயார் கையில் குறையாமல் சேர உதவுவதும் அன்னதானம்தான். அந்த வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமல்லவா?