பிறந்த குட்டி கணக்கில்லை, பிழைத்த குட்டிதான் கணக்கு

(ஆட்டையாம்பட்டியில் மகளிர் குழுக் கூட்டத்தில் பேசியது)



ஆட்டையாம்பட்டி என்றாலே கைமுறுக்குதான். ஆனால் கடன் வாங்கி வெண்பன்றி வளர்க்கிறவர்களும் நம்மில் இருக்கிறோம். "எத்தனை குட்டி போட்டுச்சு?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நாம் கேட்க வேண்டியது, "பால் மறக்கும்போது எத்தனை நின்னுச்சு?" என்பதுதான். தவணை கட்டுவது அந்தக் கணக்கில்தான்.

முதலில் தாயைத் தேர்ந்தெடுக்கணும். நிறையக் குட்டி போட்டு, அதைக் காப்பாற்றியும் கொடுத்த தாயின் பெண் குட்டியை இருப்புக்கு வைப்போம். காம்பு 12க்குக் குறையக் கூடாது. ஆண் பன்றியை வேறு பண்ணையில் வாங்குவோம். ஒரே ரத்தத்தில் சேரவிட்டால் குட்டி சோனியாகப் பிறக்கும், நோய் தாங்காது.

நம் கால்நடைப் பல்கலைக்கழகம் காட்டுப்பாக்கத்தில் உருவாக்கிய 'தானுவாஸ் கேபிஎம் கோல்டு' பன்றியில் முக்கால் பங்கு சீமை வெண்பன்றி, கால் பங்கு நாட்டுப்பன்றி. சீமை இனத்தின் வளர்ச்சியோடு, நம்ம ஊர் வெயிலுக்குப் பழகிய நாட்டு ரத்தமும் சேர்கிறது.

எந்த இனமானாலும் ஒரு விஷயம் உண்டு. மனிதக் குழந்தைக்கு வயிற்றிலேயே கொஞ்சம் எதிர்ப்புச் சக்தி கிடைத்துவிடும். பன்றிக்குட்டிக்குக் கிடைக்காது, சீம்பாலில்தான் வரும். ஒரு நாள் போனால் குடல் அந்தச் சக்தியை ஏற்காது. அதனால் சினைப்பட்ட தேதியை எழுதி வையுங்கள். ஏறக்குறைய 114ஆம் நாள் குட்டி போடும். அன்றைக்கு யாராவது ஒருத்தர் விழித்திருந்து, ஒவ்வொரு குட்டியும் சீம்பால் குடித்ததா என்று பார்க்கணும். சின்னக் குட்டியை முன் காம்பில் பிடித்து விடுங்க, அங்கேதான் பால் அதிகம்.

குட்டிக்குக் குளிர் ஆகாது. குண்டு பல்பு போடுங்க. தாய் படுத்து நசுக்காமல் இருக்கச் சுவரோரம் கம்பி கட்டுங்க. மூன்றாம் நாள் வாக்கில் கால்நடை மருத்துவரிடம் இரும்புச்சத்து ஊசி போடணும்.

இவ்வளவு செய்தாலும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தால் எந்த இனமும் தாங்காது. 2020இல் இந்தியாவுக்குள் வந்தது. 2023இல் முதுமலையில் காட்டுப்பன்றிகள் இதனால் செத்தன. மனிதருக்கு ஒட்டாது, ஆனால் கொட்டகையே காலியாகிவிடும். இதற்கு நம் நாட்டில் தடுப்பூசி கிடையாது. ஓட்டல் கழிவை நன்றாகக் கொதிக்க வைத்தே போடுங்க. புதிதாக வாங்கிய பன்றியை ஒரு மாதம் தனியே கட்டுங்க. சாதாரணப் பன்றிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி இருக்கிறது, தவறாமல் போட்டுவிடணும்.

குழுவில் வரவு செலவு எழுதப் பழகியவர்கள் நாம். இனி ஒவ்வொரு தாய்க்கும் ஒரு பக்கம் ஒதுக்குவோம்: பிறந்தது எத்தனை, பிழைத்தது எத்தனை. அடுத்த தாய் எது என்று அந்த நோட்டே சொல்லும்.