தமக்கே எழுதும் சீட்டு

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் குடும்பத்தில் பல் வைத்தியர் ஒருவர் இருந்துவிட்டால், உறவினர் அனைவருக்கும் அவரே வைத்தியர். நாகபுரியிலிருந்து அத்தை தொலைபேசியில் அழைப்பார்: “தம்பி, பல்லெல்லாம் சௌக்கியந்தான், தூக்கம் வரவில்லை. ஒரு சீட்டு எழுதி அனுப்பேன்!”

சீட்டு எழுதச் சட்டம் எங்களுக்கு இடந்தந்திருக்கிறது. ஆனால் நாங்கள் பயின்றது பல்லும் வாயும் தாடையுமே. அத்தையின் உறக்கம் எங்கள் எல்லைக்குள் வருவதன்று. அவர் அயலாராயினும் விடை அதுவே.

பல்வலியே என்றாலோ? பல் பிடுங்கியபின் உண்டாகும் நோவுக்குப் பெரும்பாலோர்க்கு ஐபுபுரூஃபெனும் பாராசிட்டமாலும் சேர்ந்தே போதும். அபினி இனத்து மருந்துகளுக்கு அவை இளைத்தவை அல்ல. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு போன்றவை உடையவரிடம் யோசிக்கவேண்டும். 2018-இல் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வந்த டிரமடாலை எழுதுவதாயின், “மது அருந்துவதுண்டா? வேறென்ன மாத்திரை உண்கிறீர்கள்?” என்று வினவியாகவேண்டும். மாமனாரிடம் இவ்வினாவைத் தொடுக்கும் மருமகன் எத்தனை பேர்? கேளாமலே எழுதிவிடுகிறோம். அவ்விடத்தில் வைத்தியம் நின்று தாட்சண்யம் தொடங்கிவிடுகிறது.

தமக்கே எழுதுவது இன்னும் எளிது. நாள் முழுதும் குனிந்து வேலை செய்யும் எங்களில் கழுத்தும் முதுகும் நோகாதவர் அரியர். சீட்டுப் புத்தகமோ கையருகே. ‘எச்1’ பட்டியல் மருந்துகளுக்கு 2014 முதல் கடைக்காரர் தனிப் பதிவேடு எழுதி மூன்றாண்டு காக்கவேண்டும். எழுதியவர், உண்பவர் என்னும் இரண்டிடத்திலும் ஒரே பெயர் வந்தால் ஏடு குறித்துக்கொள்ளும். ஏன் என்று கேளாது.

அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரத்துப் பல் வைத்தியர் ஹோரஸ் வெல்ஸ், 1844-இல் சிரிப்பு வாயுவை முகர்ந்து தம் பல்லையே பிடுங்கச் செய்தார். வலியற்ற வைத்தியத்துக்கு வழி பிறந்தது. அன்று அருகே வேறொரு வைத்தியர் நின்றார். 1848-இல் நியூயார்க்கில் குளோரோஃபார்மைத் தம்மீதே பரீட்சித்தபோது, போதுமென்று சொல்ல ஒருவரும் இல்லை. சித்தம் கலங்கித் தெருவில் பெண்கள்மீது அமிலம் வீசினார். சிறையிலே உயிர் துறந்தார். வயது 33.

எங்களில் சிலர் ஒரு வழக்கம் கொண்டிருக்கிறோம். எங்கள் நோவுக்கு வேறொருவரின் நாற்காலியில் அமர்கிறோம். உறவினருக்கு அவ்வூர் வைத்தியரின் முகவரியைத் தருகிறோம். முகம் வீங்கியிருந்தால் மட்டும், இரவானாலும் ஆஸ்பத்திரிக்கு விரையச் சொல்கிறோம். அத்தைக்கும் முகவரிதான் கொடுத்தோம். அவருக்கு மனத்தாங்கலே, இரண்டு மாதமாய் அழைப்பில்லை.