பிள்ளையின் நிறையையும் கேட்போம்

(பிள்ளை மடுவத்தில் நடந்த தாய்மார் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



மலையிலிருந்து நேராக வந்திருக்கிறீர்கள். கால் வலிக்கும். நீட்டாமல் பேசுகிறேன்.

கொழுந்து நிறுக்கும்போது தராசையே பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். ஒரு கிலோ குறைந்தாலும் "ஏன் ஐயா வெட்டுறீங்க?" என்று கேட்கிறீர்கள். கேட்கத்தான் வேணும். ஆனால் போன மாதம் உங்கள் பிள்ளையின் நிறை எத்தனை கிலோ? எத்தனை பேருக்குச் சொல்ல முடியும்?

2016இல் அரசாங்கம் எடுத்த கணக்கின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட 100 பிள்ளைகளில் 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப் பகுதியில் 100க்கு ஏறக்குறைய 32 பேர். "நம்ம பரம்பரையே கட்டைதான்" என்று விட்டுவிடக் கூடாது. தாயின் வயிற்றில் இருக்கும்போதும், பிறந்து முதல் இரண்டு வருடத்திலும் சத்துக் குறைவதும் அடிக்கடி நோய் வருவதும்தான் பெரிய காரணம். மூளை வேகமாக வளர்வதும் அந்த வயதில்தான். அதை விட்டுவிட்டால், பிறகு எத்தனை டியூஷன் வைத்தும் முழுசாக ஈடுசெய்ய முடியாது.

அரசாங்கம் ஒன்றுமே தரவில்லை என்று சொல்ல முடியாது. கிளினிக், தடுப்பூசி எல்லாம் இலவசம். திரிபோஷா 1973 முதல் வருகிறது. கர்ப்பிணித் தாய்மாருக்குப் போஷாக்குக் கொடுப்பனவு உண்டு. 2015இல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தித் திட்டத்தில் தோட்டங்களிலும் மடுவங்கள் கட்டினார்கள், திருத்தினார்கள். குறைகளும் இருந்தன. 2022இல் சோளத் தட்டுப்பாட்டால் திரிபோஷா ஒழுங்காகக் கிடைக்கவில்லை. ஆனாலும் வந்தது பிள்ளையிடம் போய்ச் சேர்ந்ததா என்று நாமும் பார்க்க வேணும்.

என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். முன்பு நான் வேலை செய்த ஒரு தோட்டத்தில், பணிய லயத்துப் பிள்ளை ஒன்றுக்கு மடுவப் புத்தகத்தில் பெயர் இருந்தது, பிள்ளை வரவில்லை. நானும் 'வரவில்லை' என்று எழுதிவிட்டுப் போவேன். மூன்று மாதம் கழித்து ஆயா அம்மா சொல்லித்தான் லயத்துக்குப் போனேன். நாலாம் வகுப்புப் படிக்கிற அக்கா, ஸ்கூலுக்குப் போகாமல் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளைக்குச் சாப்பாடு வெறும் தேத்தண்ணியும் ரொட்டியும். கிளினிக் புத்தகத்தில் நிறைக்கோடு ஏறாமல் படுத்துக் கிடந்தது. திரிபோஷாவை வீட்டில் ஐந்து பேரும் பங்கு போட்டிருந்தார்கள். பசி உள்ள வீடு. எனக்கு ஏச வாய் வரவில்லை.

தாய் சொன்னார்: "மடுவம் திறக்க முந்தியே பெரட்டுக்குப் போகணுமே ஐயா. பிள்ளைய எங்க விடுறது?"

அதுவரை எனக்கு அது தோணவே இல்லை. துரையோடு பேசி மடுவத்தை நேரத்தோடு திறக்க வைத்தோம். தம்பி மடுவத்துக்கு வந்தான். அக்கா ஸ்கூலுக்குப் போனாள். கோடும் மெல்ல மெல்ல ஏறியது.

ஆகவே உங்களிடம் கேட்பது இவைதான். வயிற்றில் பிள்ளை என்று தெரிந்த உடனே மருத்துவிச்சி அம்மாவிடம் பதியுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். வேலை நேரத்தில் பால் கொடுக்கப் போவது சட்டம் தந்த உரிமை, கூச்சப்பட வேண்டாம். திரிபோஷா யார் பெயருக்கு வந்ததோ அவருக்கே கொடுங்கள். நிறுக்கிற நாளில் கோடு ஏறியதா, இறங்கியதா என்று கேளுங்கள். தகப்பன்மாரும் ஒரு நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வாருங்கள், மீசை ஒன்றும் இறங்கிப் போகாது.

மடுவத்தில் குறை இருந்தால் லயத்தில் பேசிக்கொண்டிருக்காமல் என்னிடம் வந்து சொல்லுங்கள். இனி வெறுமனே 'வரவில்லை' என்று எழுதிவிட்டுப் போகமாட்டேன்.