காகத்தையும் எண்ணி எழுதுங்க

பொங்கல் நெருங்குது. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறது, கரும்பு வாங்குறதுன்னு ஆயிரம் வேலை இருக்கும். அதுக்கு நடுவுல உங்ககிட்ட ஒரு 15 நிமிஷம் கேட்கத்தான் வந்திருக்கேன்.

2015 முதல் ஒவ்வொரு ஆண்டும் பொங்கல் விடுமுறையில் ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ நடக்கிறது. இதில் சேர வனத்துறையில் வேலை பார்க்க வேண்டியதில்லை, பெரிய கேமராவும் வேண்டாம். மொட்டை மாடி, கண்மாய்க் கரை, பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஆலமரம், எங்கே நின்றாலும் சரி. குறைந்தது 15 நிமிஷம் நின்று, எந்தப் பறவை, எத்தனை என்று ‘இ-பேர்டு’ செயலியில் பதிவு செய்யணும், அவ்வளவுதான். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்துகிற இலவசச் செயலி அது. சிக்னல் இல்லாத இடத்திலும் பட்டியல் போடலாம், வீட்டுக்கு வந்து அனுப்பிக்கலாம்.

நான் முதல் வருஷம் செய்த தப்பைச் சொல்லிடறேன். ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நின்னேன். மீன்கொத்தி, பாம்புத்தாரா, செண்பகம், பனங்காடை. நாலே நாலு பெயரை எழுதிப் பெருமையா அனுப்பினேன். தலைக்கு மேல கத்திக்கிட்டிருந்த காகம், மைனா, புறா எதையும் எழுதலை. அதையெல்லாம் யாராவது எழுதுவாங்களான்னு ஒரு நினைப்பு. பட்டியலை முடிக்கும்போது, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் சேர்த்துட்டீங்களான்னு செயலி கேட்கும். யோசிக்காம ‘ஆமாம்’னு தட்டிட்டேன்.

கணக்கு கெட்டது அங்கேதான். ஒரு பறவை கூடுதா குறையுதா என்பதை ஆய்வாளர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்? நூறு முழுப் பட்டியல் வந்தால், அதில் எத்தனையில் அந்தப் பறவை இருக்கிறது என்றுதான். நான் போட்ட ‘ஆமாம்’, அன்னைக்கு அந்த ஏரியில் என் கண்ணில் காகமே படலைன்னு சொன்ன பொய்ச் சாட்சி மாதிரி. பிறகு திருத்தினேன், பழைய பட்டியலைத் திருத்தவும் வழி இருக்கு.

இதெல்லாம் பொழுதுபோக்குத்தானேன்னு கேட்கலாம். இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2023-ல் ஓர் அறிக்கை வந்தது. சுமார் 30,000 பேர் அனுப்பிய 3 கோடி பதிவுகள்தான் அதற்கு ஆதாரம். மயிலும் குயிலும் பெருகுதுன்னு அது சொல்லுது. ஆனா பனங்காடை சுமார் 30 சதவீதம் குறைந்திருக்கு. கரண்டுக் கம்பியில சும்மா உட்கார்ந்திருக்கும், பறக்கும்போது இறக்கையில நீலம் பளிச்சுனு அடிக்குமே, அதேதான். எங்கேயும் பார்க்கிற பறவை குறையறது கண்ணுக்குத் தெரியாது. எண்ணினாத்தான் தெரியும்.

உள்ளூர் விஷயத்துக்கும் இது உதவும். ஊர்க் குளத்தில் குப்பை கொட்டுறாங்கன்னு குறைதீர் நாளில் மனு கொடுக்கிறோம். ‘நிறையப் பறவை வரும் சார்’ என்பது ஒரு பேச்சு. எந்தத் தேதியில் எத்தனை நத்தைக்குத்தி நாரை, எத்தனை நாமக்கோழி என்று மூணு வருஷப் பட்டியலை இணைத்துக் கொடுப்பது வேற. ராம்சார் ஈரநிலத் தகுதியே, வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகளுக்கு மேல் வருதா என்பது போன்ற எண்ணிக்கைகளை வைத்தும் பார்க்கப்படுகிறது.

சில விஷயங்களில் கவனம் வேணும். ‘மெர்லின்’ செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். அதைத் துப்பாக எடுத்துக்குங்க, தீர்ப்பாக வேண்டாம். கண்ணால் பார்த்துட்டு எழுதுங்க. என்ன கொக்குன்னு தெரியலைன்னா ‘ஏதோ ஒரு கொக்கு’ன்னு பதிய இடம் இருக்கு, ஊகிச்சு எழுதாதீங்க. கூட்டுக்கிட்டே போய் செல்ஃபி எடுக்கவே கூடாது. ஆந்தைக் கூடு, தேவாங்கு இருக்கிற மரம் இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் லொகேஷனோட போடாதீங்க. உங்க வீட்டு இடம் வெளியே தெரிய வேண்டாம்னு நினைச்சா, பக்கத்துக் குளத்துக்கோ பூங்காவுக்கோ போய் அங்கே நின்று எண்ணுங்க.

வீட்டில் பெரியவங்க இருந்தா கூட்டிட்டுப் போங்க. இரட்டைவால் குருவின்னு நாம தடுமாறும்போது, ‘கரிச்சான்டா அது’ன்னு தூரத்திலேயே சொல்லிடுவாங்க.

மாட்டுப் பொங்கல் அன்னைக்கு வயல் பக்கம் போனா, மாட்டுக் காலடியில் உண்ணிக்கொக்கு பூச்சி பிடிச்சிட்டிருக்கும். அங்கேயிருந்தே ஆரம்பிக்கலாம்.